எழுதாமல் விட்ட ஒரு வரி

நனைந்த நியூஸ்பேப்பரின் மை வாசம் உங்களுக்குத் தெரியுமா? ஹட்டனுக்கு ரயிலில் வந்து, பஸ் ஏறி, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருவதற்குள் பேப்பர் பாதி ஈரமாகிவிடும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை மெல்லப் பிரித்து, என் கட்டுரை வந்திருக்கிறதா என்று தேடுவேன்...

அறுபதுகளின் தொடக்கம். தோட்டத்து ஆபீசில் நான் சின்ன கிளாக்கர். இருபத்திரண்டு வயது. கொழும்புப் பத்திரிகை ஒன்றில் புனைபெயரில் வாரம் ஒரு கட்டுரை எழுதுவேன். மனித குணம், பக்குவம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம். அம்மா சமைத்துப் போட்டதைத் தின்றுவிட்டு எழுதிய உபதேசம்! ஆனால் படித்தவர்கள் சிரிப்பார்கள். எழுதுவது நான்தான் என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் ஒரு குடையைப் பற்றி எழுதினேன்.

தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரையின் கார் வந்தால், எவ்வளவு மழையிலும் குடையை மடக்கிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். அப்படி ஒரு வழக்கம். ஆட்களை வேலை வாங்கும் வீரமுத்து கங்காணி தீபாவளிக்குப் புதுக் குடை வாங்கியிருந்தார். ஒருநாள் அவரும் நானும் தேயிலை ஸ்டோர் வளைவில் நடந்து வந்தபோது கார் வந்தது. மனுஷன் குடையை மடக்கிவிட்டுத் தொப்பலாக நனைந்தார்.

பேரைச் சொல்லாமல் அதை எழுதினேன். ‘மீசை முளைக்கும் வயது எல்லாருக்கும் தெரியும். முதுகெலும்பு முளைக்கும் வயதுதான் யாருக்கும் தெரியவில்லை’ என்று முடித்தேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

பேப்பர் வந்த மறுநாள், பெரிய கிளாக்கர் அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டார். புதுக் குடை, ஸ்டோர் வளைவு, கங்காணி... ஆளைக் கண்டுபிடிக்க ஜோசியமா பார்க்க வேண்டும்? கங்காணியே பேப்பர்க்காரர்களிடம் போய்ச் சொல்லித் துரையின் மானத்தை வாங்கிவிட்டதாக அவருக்குக் கோபம்.

கங்காணியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நாலடி தள்ளி என் மேசை. யாரிடம் சொன்னாய் என்று துரை கேட்கக் கேட்க, பெரிய கிளாக்கர் தமிழில் திருப்பிக் கேட்டார். சொல்லாவிட்டால் பத்துச்சீட்டுதான். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தால் வேலை போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பிள்ளைகுட்டியோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

எழுந்திருக்க நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கால் வரவில்லை.

கங்காணி ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார்.

“எனக்குத் தெரியாதுங்க.”

எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான். கடைசியில் பத்துச்சீட்டு கொடுக்கவில்லை. கங்காணி வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டில், முன்னால் நின்று ஆள் பிரித்தவர், அதே ஆட்களோடு வரிசையில் நின்றார். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. என்னால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அவர் லயத்துக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன் அவரே பேசினார்.

“வளைவுல நாம ரெண்டு பேருதாங்கய்யா இருந்தோம். பேப்பர வாசிச்சுக் காட்டுனப்பவே வெளங்கிருச்சு.”

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் உங்கள் வேலை போய்விடும், உங்கள் அம்மா உங்களைத்தானே நம்பியிருக்கிறார் என்றார்.

“நீங்க எழுதுனது பொய் இல்லீங்க. ஆனா அன்னைக்கு எனக்கு முந்தி நீங்கதான் கொடைய மடக்குனீங்க. அத மட்டும் விட்டுட்டீங்க.”

வெட்கமாக இருந்தது. அந்த வரியைச் சேர்த்து, சொந்தப் பெயர் போட்டு, அடுத்த கட்டுரையை எழுதினேன். டிக்கோயா தபால் கந்தோர் வரை கொண்டு போனேன்... திரும்பக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். அதோடு பத்திரிகைக்கு எழுதுவதையும் விட்டுவிட்டேன்.

இப்போது இந்தச் சமூக வலைத்தளத்தில் எல்லோரும் பேரும் போட்டோவும் போட்டு, மந்திரியைக்கூடக் கிண்டல் பண்ணுகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. துரைமார் காலம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் தன்னைக் கேலி செய்தவனைக் காட்டிக் கொடுக்காத ஒரு மனிதரை, அதற்குப் பிறகு நான் சந்திக்கவில்லை.

கங்காணி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவர் மகன் இங்கே என் நண்பர்களில் ஒருவர். அப்பாவை யாரோ மாட்டிவிட்டார்கள் என்று போன மாதம்கூட எழுதியிருந்தார்.

தம்பி, அந்த யாரோ நான்தான்.