மச்சாளின் வாளியில் மிதந்த கல்

வாளித் தண்ணீரில் அந்தக் கல் மிதந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம், உடலெல்லாம் துளை. அமுக்கினால் மூழ்கும், விட்டால் மேலே வந்துவிடும். கடற்கரையோர இறக்கக்கண்டியில் என் மச்சாளின் புதுவீட்டுக்கு அத்திவாரம் போடும் காலை அது. மச்சாள் என் கணவரின் அக்கா. சுனாமியில் தன் கணவரைப் பறிகொடுத்து, அன்றுமுதல் உப்புவெளியில் எங்களோடு இருந்தவர். இத்தனை வருடம் கழித்துத் தன் பழைய காணியில் வீடு கட்டத் துணிந்தவர், நல்ல நேரம் முடிய அரை மணித்தியாலம் இருக்க, மேசனைத் திருப்பி அனுப்பிவிட்டு வாளிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார்.

“கரை முழுக்க இந்தக் கல்தான். எரிமலைக் கல்லாம். கன்னியாவில தண்ணி சுடுது, இஞ்ச கல் மிதக்குது. அடியில நெருப்பு இருக்கடி! இதுக்கு மேல நான் வீடு கட்டமாட்டன்.”

செத்தவருக்கு ஈமக்கடன் கழித்துவிட்டுக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் அள்ளிக் குளித்த ஊர்க்காரர் யாருக்கும் வரக்கூடிய பயம்தான். நான் புவியியல் படிப்பிக்கிறவள். இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் என் வாய் சும்மா கிடக்குமா? அத்திவாரப் பொங்கலுக்குக் காய்ச்சிய பால் ஆடை படிந்து நின்றது. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

ஆடையைக் கரண்டியால் கிழித்து, பூமியின் மேலோடும் இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது என்று தொடங்கினேன். துண்டுகள் மெல்ல நகரும். இந்தோனேசியா இருப்பது விளிம்பில். அங்கே ஒரு துண்டு மற்றதன் அடியில் புதைய, ஆழத்தில் பாறை உருகி மேலேறி எரிமலையாகிறது. ஒருசில நாடுகளில் துண்டின் நடுவிலும் வெடிப்பதுண்டு. நாங்கள் இருப்பது நடுவில், எங்களுக்கு அதுவும் இல்லை. கன்னியாத் தண்ணீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது, அவ்வளவுதான். இந்தக் கல்லும் எங்கோ தூரத்தில் வெடித்து, கடலோடு மிதந்து வந்த விருந்தாளி. சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது. கையில் பால் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

மச்சாள் ஆடையின் கிழிந்த விளிம்பில் விரலை வைத்தார்.

“அண்டைக்கு அலையும் இதாலயோ வந்தது?”

சட்டியைக் கீழே வைத்தேன். “ஓம் மச்சாள். அங்கதான் நிலம் உதறினது. கடல் அதைச் சுமந்து வந்தது.”

“அப்ப எங்கட கடல் தானா எழும்பி வரேல்லையோ?”

“இல்லை, மச்சாள்.”

அவர் எழுந்தார். கரைக்கு நடந்தார். கணவர் போன நாளிலிருந்து கடல் தண்ணீரில் கால் வைக்காத மனுசி, முழங்கால் நனைய நின்று அழுதார். நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“மேசனுக்குக் கோல் எடு.”

“நல்ல நேரம் போயிட்டுதே, மச்சாள்!”

“போகட்டும். ரோட்டுப் பக்கம் கீறின வாசலை அழிக்கச் சொல்லு. கடலைப் பார்த்து வைக்கட்டும்.”