கோடித்துணி கொண்டுவந்த பாட்டு

மலைமேல் வாசலூர்பட்டியில் ஒரு வெள்ளைக்காரருக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். மலைச் செடிகளை ஆராய வந்தவர். என் கணவருக்கு ரோட்டுப் பாலங்களில் கொத்து வேலை; அதற்காகத்தான் அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து இருவரும் மேலே வந்திருந்தோம். நான் கூச்சக்காரி. உப்புப் போதுமா என்றுகூடக் கேட்கமாட்டேன். துரையின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். அப்போது எனக்கு நிறைமாதம்.

ஒரு மத்தியானம் அவர் பேட்டரியில் ஓடும் ரிக்கார்டு பெட்டியை வாசலில் வைத்து, புதிதாக வந்த இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். முதல் சத்தத்திலேயே என் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. ஒரு குழல் தொண்டை கிழியக் கத்தியது. இன்னொரு குழல் அதை எதிர்த்துக் கத்தியது. மேளம் தன்பாட்டுக்கு உருண்டது. தாளம் எங்கே என்று தேடினேன், அகப்படவில்லை. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து எட்டிப் பார்த்தால், துரை கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஃப்ரீ ஜாஸ்," என்றார். பிறகு தமக்குத் தெரிந்த தமிழில், "பாட்டு எழுதி வைக்கலை. வாசிக்கும்போதே வருது."

தட்டு முடிவதற்குள் மேட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஆண்கள் தலையில் துண்டு போட்டிருந்தார்கள். பெண்கள் வாசலை நெருங்கியதும் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். முன்னால் வந்த பெரியவர் கையில் கோடித்துணி. பிணத்துக்குப் போர்த்துவது.

"ஏங் கண்ணு, தொரையா போயிட்டாரு?"

"இல்லீங்க. யாரும் சாகலீங்க."

"சாகாமயா இந்த ஊத்து ஊதறாங்க?"

துரையே எழுந்து வந்து கும்பிட்டார். அழுதுகொண்டிருந்த ஓர் அம்மாள் சட்டென்று நிறுத்தி, "பொணம் நல்லாத்தான் இருக்குது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. குழப்பத்தில் பெரியவர் அந்தத் துணியை என் கையில் கொடுத்திருந்தார். என் வயிற்றின்மேல் கோடித்துணி கிடந்தது.

பிள்ளை தங்காது என்ற பயம் அன்றே பிடித்துக்கொண்டது. "துணிதான புள்ள? அவங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்கல்ல?" என்றார் கணவர். ஆனால் வயிற்றில் அசைவு சற்று நின்றாலும் நான் தட்டித் தட்டிப் பார்ப்பேன். துரை அந்தத் தட்டை எடுத்தாலே கொல்லைப்பக்கம் போய்க் காதைப் பொத்திக்கொள்வேன்.

ஒரு காலையில் வலி எடுத்தது. பிரசவம் பார்க்க வந்தது, பிணம் நன்றாயிருக்கிறது என்று சொன்ன அதே அம்மாள். வெளியே ஆண்கள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"வாய மூடிட்டு யாரு சாமி பெத்தது? கத்து! உன்ற ஊட்டுக்காரன் காதுல உழுகட்டும்!"

கத்தினேன். என்னிடம் அப்படியொரு சத்தம் இருந்ததென்று நம்ப முடியவில்லை. மேலே ஏறி, உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது. சுற்றியிருந்த பெண்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முடிக்கட்டும் என்று இன்னொருத்தி காத்திருக்கவில்லை. வலிக்கு நடுவே தூக்கிவாரிப் போட்டது. இதை நான் கேட்டிருக்கிறேன். அதே குழல்.

பிள்ளை உடனே அழவில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குக் கோடித்துணிதான் கண்ணில் தெரிந்தது. அந்த அம்மாள் முதுகில் தட்டினாள், மறுபடியும் தட்டினாள். அப்புறம் என் மகள் தொண்டை கிழியக் கத்தினாள்.

தீட்டுக் கழிந்து வேலைக்குப் போன அன்று, வாழ்க்கையில் முதல்முறையாக நானாக ஒன்று கேட்டேன். "அந்தத் தட்டப் போடுங்க." துரை என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவையும் சன்னல்களையும் ஒன்றுவிடாமல் சாத்திவிட்டு வந்து போட்டார்.

குழல் கத்தியது. மடியில் பிள்ளை இருந்ததால் காதைப் பொத்தக் கை இல்லை. இரண்டாவது குழல் வந்தது. அது சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் நின்று, கத்து கத்து என்றது.