ஜெயசீலி அக்கா கேட்ட கேள்வி

ஜெயசீலி அக்கா இன்னிக்குக் காலைல போய்ட்டாங்க.

ஹார்ட் அட்டாக்காம். லேப் வாட்ஸப் குரூப்ல மெசேஜ். நான் "ஓகே"ன்னு ரிப்ளை போட்டிருக்கேன். எதுக்குப் போட்டேன்னு தெரியல...

வேலூர்ல ஒரு ஜெனெட்டிக்ஸ் லேப்ல எங்களுக்கு வேலை. ஊர் ஊராப் போய் ரத்தம் எடுத்து, டிஎன்ஏ-வ வெச்சு, இங்க இருக்கிற ஜனங்க எப்போ கலந்தாங்க, எப்போ தனித்தனியாப் பிரிஞ்சாங்கன்னு பாக்குறது. அக்கா ரத்தம் எடுப்பாங்க. நான் கம்ப்யூட்டர்ல டேட்டா பாப்பேன்.

அணைக்கட்டு பக்கம் ஒரு ஊர்ல பெரியவர் ஒருத்தர் கையே நீட்டல. "நாங்க வேற, அந்தத் தெரு வேறன்னு இதுல வந்துருமாம்மா?"

"ரொம்ப காலம் முன்னாடி எல்லாரும் கலந்துதாங்க இருந்தோம். அப்புறம்தான் அவங்கவங்க கதவ சாத்திக்கினோம்"னாங்க அக்கா.

அவர் சட்டைக் கைய மடிச்சுவிட்டார்.

அக்காவுக்கு ஒரு பையன் இருந்தான். தசையெல்லாம் தளர்ந்து போற வியாதி. சின்ன வயசுலயே போய்ட்டான்.

அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் குறை வெளிய தெரியாம இருந்தாதான் புள்ளைக்கு இது வரும்னு டாக்டர் அப்பவே சொன்னாராம். மாமியார் நம்பல. "சொந்தத்துலயா கட்டுனோம்? இவ ரத்தந்தான் கோளாறு."

அதே கேள்விதான் அக்காவுக்கும். "சொந்தமே இல்லையேப்பா, அப்புறம் எப்படி?"

அவங்க, அவங்க வீட்டுக்காரர் ரெண்டு பேரும் விருப்பப்பட்டு சாம்பிள் குடுத்தாங்க. எங்க சார் பர்மிஷனோட கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன். ரெண்டு பேர் டிஎன்ஏ-லயும் நீள நீளமா ஒரே மாதிரி துண்டுங்க.

"சின்னக் கூட்டம்க்கா. தலைமுறை தலைமுறையா உள்ளுக்குள்ளயே கட்டிக் குடுத்திருக்காங்க. சொந்தம்னு தெரியாமலே எல்லாரும் சொந்தம்."

அக்கா ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் கதவுகிட்டப் போய் நின்னு மாமியாருக்கு போன் போட்டாங்க. "அத்த, ரெண்டு பேர்கிட்டயும் இருக்குது. யார் மேலயும் தப்பு இல்ல." அந்தப் பக்கம் என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல. திரும்பி வந்து டியூபுக்கு லேபிள் ஒட்ட ஆரம்பிச்சிட்டாங்க.

அப்புறம் அக்காவோட தம்பி பொண்ணுக்கு வீட்ல அதே கூட்டத்துல மாப்பிள்ள பாத்தாங்க. "டெஸ்ட் பண்ணாம நிச்சயம் பண்ண விடமாட்டேன்"னு அக்கா நின்னுட்டாங்க. வீடே திட்டுச்சு. நல்ல காரியத்துல அபசகுனமா பேசுறாளேன்னு.

டெஸ்ட் எடுத்தா ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் குறை இருந்துச்சு...

கல்யாணத்த நிறுத்தல. அதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு புடிச்சுப்போய் இருந்துச்சுங்க. டாக்டர்கிட்ட முன்னாடியே பேசி, கர்ப்பத்துலயே டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கிட்டாங்க. பொம்பளப் புள்ள பொறந்துச்சு. நல்லா இருக்கு.

போன வாரம் அந்தப் பாப்பா போட்டோவ அக்கா லேப்ல ஒவ்வொரு டேபிளாக் காட்டுனாங்க. "காலைப் பாருப்பா, எப்படி ஒதைக்குது!"

சாயந்திரம் ஆம்பூர்ல அடக்கம். பஸ் ஏறிட்டேன். அழுகை வரல... ஒண்ணுமே வரல.

வந்துட்டே இருக்கேன்க்கா.