மூன்று வகை ஒயில் குடித்த கார்

வாகனம் திருத்துகிற தொழிலில் பழுதைக் கண்டுபிடிப்பது அரை வேலை. பழுதை மறைத்தவரைக் கண்டுபிடிப்பது மீதி வேலை. நான் கல்முனையில் கராஜ் வைத்திருக்கிறேன். இதே தொழிலில் இருந்து வயிறு எரிகிற சகோதரர்களே, இதை வாசித்துவிட்டு எனக்காக நீங்களும் கொஞ்சம் கோபப்படுங்கள்.

எரிந்தால் எரியட்டும்

ஜெமீல் காக்கா வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிறவர். அவருடைய மனைவிக்கு, நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிறவருக்கு, சிறுநீரகம் பழுது. வாராவாரம் கல்முனைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் உடம்பு வீங்கி மூச்சு முட்டிவிடும். அதற்காகவே வயலில் ஒரு துண்டை விற்று ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். அந்தக் கார் நின்றால் ராத்தாவின் நிலை என்னவென்று ஊருக்கே தெரியும்.

ஒருநாள் ராத்தாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கராஜுக்கு வந்தார். உள்ளே ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எங்கிருந்து எரிகிறது என்று கேட்டேன். இறக்காமத்திலேயே எரியத் தொடங்கிவிட்டதாம். இறக்காமத்திலிருந்து சம்மாந்துறை வழியாகக் கல்முனை வரை, அதுவும் நோயாளியை வைத்துக்கொண்டு! ஒயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசி எல்லாம் முடிந்துவிடும், நடுவயலுக்குள் நின்றிருந்தால் ராத்தாவைத் தூக்கிக்கொண்டா வந்திருப்பீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"விளக்குத்தானே தம்பி எரியுது, கார் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

நிரம்பி வழிந்த ஒயில்

ஒயில் குறைந்திருக்கும் என்று நினைத்து அளவு பார்க்கிற கம்பியை இழுத்தேன். மேல் கோட்டையும் தாண்டி நின்றது. விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி வழிந்தது, நுரை வேறு. போன தடவை நான் ஊற்றிய ஒயில் அது இல்லை என்று மணந்த உடனேயே தெரிந்துவிட்டது.

சில நேரம் அந்த விளக்கை இயக்குகிற ஒயில் சுவிச் பழுதானாலும் விளக்கு எரியும். அதனால் சுவிச்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டி என்ஜினை ஓடவிட்டேன். சூடு ஏற ஏற முள் கீழே இறங்கிப் படுத்துவிட்டது. சுவிச் சுத்தமாக இருந்தது, பழுது உள்ளேதான்.

அந்த நேரம் பார்த்து ராத்தாவின் தம்பி ஹாறூன் வந்து சேர்ந்தார். மருதமுனையில் கல்யாணம் முடித்து அங்கேயே நெசவு செய்கிறவர். ராத்தாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஆள், கார் கராஜில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். கேஜையும் பார்க்கவில்லை, கம்பியையும் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே, பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரித் தீர்ப்புச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கடைசியா ஒயில் மாத்தினது நீங்கதானே பாஸ், என்னத்தை ஊத்தினீங்க?"

யார் ஊற்றியது

யார் எதை ஊற்றினார்கள் என்று தெரியாமல் இந்த என்ஜினைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கார் வேறு யாரிடமாவது போனதா என்று கேட்டபோது, பாலமுனையில் தோணி வைத்திருக்கிற இளைய மச்சான், ராத்தாவின் மற்றத் தம்பி றிஸ்வான், ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கியதாக ஜெமீல் காக்கா இழுத்து இழுத்துச் சொன்னார். உடனே அவருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கதைக்க வைத்தேன்.

ஒலுவிலில் போகும்போது விளக்கு எரிந்ததாம். காரைப் பழுதாக்கியதாக மச்சான் நினைத்துவிடுவார் என்று பயந்து, தோணி மெசினுக்குப் போடுகிற ஒயிலை ஊற்றியிருக்கிறார். விளக்கு அணைந்ததும் காரைக் கழுவி, பெற்றோலும் அடித்து, ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹாறூன் நிலத்தைப் பார்த்தபடியே தன் கதையையும் சொன்னார். அவரும் பிறகு ஒருநாள் காரை எடுத்திருக்கிறார், விளக்கு எரிந்திருக்கிறது, தறிக்குப் போடுகிற ஒயிலை ஊற்றியிருக்கிறார். கொஞ்சம் முன்னால் என் பெயரைச் சந்தியில் நாறடித்த அதே மனிதர்! இனி ஜெமீல் காக்கா மட்டும் சும்மா இருப்பாரா? திரும்பி வந்த காரில் விளக்கைக் கண்டு, மச்சான்மாரிடம் கேட்டால் மனம் நோவார்கள் என்று, அவர் தன் பங்குக்கு உழவு மெசின் ஒயிலை ஊற்றியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். நல்ல பழக்கம்தான். அதை என்ஜினுக்கும் செய்வதா என்று கேட்டேன். போனில் றிஸ்வான் மனம் நொந்துபோய்ப் பதில் சொன்னார்.

"வெறுமையாத் தரப்படாதெண்டுதானே பாஸ் நிரப்பித் தந்தன்."

முன் சீட்டில் இருந்தவர்

ஒயிலை வடித்து, என்ஜினின் அடித்தட்டைக் கழற்றினேன். ஒயிலை உறிஞ்சுகிற குழாயின் வலை களி மாதிரிக் கறுத்து அடைபட்டிருந்தது. பெயாரிங்குகள் தேய்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு சின்ன ரப்பர் சீல். அது கசிந்ததால்தான் முதலில் ஒயில் குறைந்திருக்கிறது. முதல் நாளே ஒருவர் வாயைத் திறந்திருந்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை.

சாமான் வரும்வரை கார் என்னிடம் நின்றது. அடுத்த வாரம் ராத்தா பஸ்ஸிலும் ஓட்டோவிலும் மாறி மாறி வந்து, ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு கராஜுக்கு வந்தார். முகம் வெளுத்து, கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. காரின் முன் சீட்டில் வாராவாரம் வருகிறீர்களே ராத்தா, நீங்களாவது அந்த விளக்கைக் காணவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்டன் தம்பி, மருதமுனையால கார் திரும்பி வந்த அண்டைக்கே கண்டன். என்ட தம்பிமாரை நானே காட்டிக்குடுக்கிறதா எண்டு பேசாம இருந்துட்டன்."

எங்கள் ஆட்களிடம் இந்த மரியாதை இருக்கும்வரை எந்தக் காரின் விளக்கையும் யாரும் கண்டதாகச் சொல்லப்போவதில்லை, எனக்கும் வேலைக்குக் குறைவு வரப்போவதில்லை.