சாமியார் ஊற்றிய தண்ணீர்

என் ஏழு வயதில் நான் சந்தேகப்பட்ட முதல் ஆள் எங்கள் பங்குச் சாமியார். நீங்கள் சிரிப்பீர்கள் பிள்ளைகளே, ஆனால் நான் கண்ணால் பார்த்தவன்.

அப்போது நெல்லித்தோப்பில் குடியிருந்தோம். தங்கைப் பாப்பாவுக்கு இரண்டு மாதம் ஆனதும் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானத்தாயாக நின்ற அத்தை, பாப்பாவுக்கு வெள்ளைக் குல்லா ஒன்று தைத்து வந்திருந்தாள். மோவாய்க்குக் கீழே கட்ட ரிப்பனும் உண்டு. சாமியார் பாப்பாவின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். மற்றக் குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. எங்கள் பாப்பா அழவே இல்லை. அன்றைக்கே எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது குல்லாவைக் கட்டிவிடுவது என் வேலை. முதல் ஞாயிறு ரிப்பனில் பூ முடிச்சு வந்தது. மூன்றாவது ஞாயிறு வெறும் முடிச்சு. ஐந்தாவது ஞாயிறு இரண்டு முனையும் எட்டவே இல்லை.

"துவைச்சதுல சுருங்கிப்போச்சு" என்ற அம்மா, ரிப்பனுக்கு ஒட்டுத் தைத்தாள். அத்தைக்கு எதிர்வீட்டுக்காரி கண் மேல் சந்தேகம். அப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது. "எங்க வம்சத்துல எல்லாருக்கும் பெரிய தலதான். கலெக்டரா வருவா பாரு!" என்பார். எதிர்வீட்டுப் பையன் "பூசணிக்கா" என்றான். அவனை அடித்ததற்கு நான் அடி வாங்கினேன்.

பிறகு பாப்பா குடித்த பாலை எல்லாம் கக்க ஆரம்பித்தாள். எந்நேரமும் தூக்கம். கருவிழிகள் இரண்டும் கீழே இறங்கி, மேலே வெள்ளையாகத் தெரிந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸம்மா தையல்காரர் டேப் மாதிரி ஒன்றால் தலையைச் சுற்றி அளந்தார். அதுவரை யாரும் அளந்ததில்லை. அளக்கச் சொல்லி நாங்களும் கேட்டதில்லை. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "தலைக்குள்ள தண்ணி சேந்திருக்கு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊற்றியது யார் என்று எனக்குத் தெரியுமே!

"உள்ள எப்பிடிங்க தண்ணி போவும்?" என்றார் அப்பா.

"வெளியிலேர்ந்து போகல. எல்லார் தலையிலயும் அது ஊறும், வடியும். பாப்பாவுக்கு வடியிற வழி அடைச்சிருக்கு. சின்னக் குழாய் வச்சி வயித்துக்கு இறக்கிவிடணும்."

அப்பாவுக்கு அப்போதுதான் சந்தேகம் பிறந்தது, டாக்டர் மேல். "பச்சக் கொழந்த தலையில ஓட்ட போட்டு தொழில் பழவுறீங்களா? வீட்டுக்குப் போயி யோசிச்சிச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார். டாக்டரம்மா கோபப்படவில்லை. "எவ்ளோ நாளா தல பெருசாவுது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஒரு வாரமாத்தாங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. சாமியாரைத் தப்பவிடுகிறார்களே! "இல்ல! சாமியார் தண்ணி ஊத்துனதிலேர்ந்து!" என்று கத்தினேன். எந்த ஞாயிறு பூ முடிச்சு, எந்த ஞாயிறு வெறும் முடிச்சு, எப்போது ஒட்டுத் தைத்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அன்றோடு ஒன்பது ஞாயிறு. டாக்டரம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "ரெண்டு மாசம் போயிடுச்சிங்க. யோசிக்க நாள் இல்ல. இன்னிக்கே சேருங்க" என்றார். அப்பா உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சாமியார் பார்க்க வந்தார். நான் வார்டு வாசலை மறித்து நின்றேன்.

"என்னாடா தம்பி?"

"இன்னொரு தடவ ஊத்துவீங்க."

பாவம், அவர் வெறுங்கையை விரித்துக் காட்டினார். அப்படியும் நான் விடவில்லை.

குழாய் வைத்தார்கள். பாப்பா பிழைத்தாள். இன்று உப்பளம் பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு கண் மங்கல். படிப்பும் மெதுவாகத்தான் வந்தது. முன்னாலேயே வந்திருந்தால் இவ்வளவு இருந்திருக்காது என்றார்கள். குழாய் அடைத்துக்கொண்டு இரண்டு தடவை மாற்றியாயிற்று. இன்றும் அவள் தலைவலி என்றால் வீடே பதறும். "ராக்கெட் உடுறானுங்க, அடைக்காத கொழா ஒண்ணு செய்ய மாட்டேங்கிறானுங்களே" என்று திட்டுவாள். நியாயம்தானே? உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், தடுப்பூசிக்குப் போகும்போது தலையையும் அளக்கச் சொல்லுங்கள் பிள்ளைகளே. கேட்க வெட்கப்படாதீர்கள்.

அன்று டாக்டரம்மா என் ஞாயிற்றுக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மா என் தொடையைக் கிள்ளப் போகிறாள் என்று காத்திருந்தேன். கிள்ளவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், என் கையைப் பிடித்தாள். எலும்பு வலிக்கிற பிடி. வார்டுக்குப் போகும்வரை விடவே இல்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு அம்மா என்னை மெச்சுகிறாள் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.