கப்கேக் ஏன் சாப்பிடவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஃப்ளாட் வாசலில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வேன் ஓட்டி வந்த இளைஞர். கையில் நாய்ச் சங்கிலி. இன்னொருவர் நிவேதா, கையில் மடித்த பழைய போர்வை. நிவேதா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு போலீஸ் ஸ்டேஷனே இருந்தது.

அவர்கள் எனக்குக் கொடுத்த நாயைத் திரும்ப அழைத்துப் போக வந்திருந்தார்கள். குற்றச்சாட்டு – நான் அதைப் பட்டினி போடுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் முகப்பில் கட்டிய வருஷம் பொறித்திருக்கிறதா என்று தேடுவேன். கல்யாணப் பத்திரிகையில் தேதிக்குக் கிழமை சரியாகப் பொருந்துகிறதா என்று காலண்டரை எடுத்துப் பார்ப்பேன். 'சுமார்', 'கிட்டத்தட்ட', 'அந்தக் காலத்துல' – இந்த மூன்று சொற்களையும் சொல்கிறவர்களிடம் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

மகள் வேலைக்காக பெங்களூரு போன பிறகு, வீட்டில் ஒரு நாய் இருந்தால் நன்றாயிருக்கும் என்றாள் என் மனைவி கல்யாணி. குட்டி வேண்டாம், நாம் இருக்கிற வயசுக்கு அதன் பின்னால் ஓட முடியாது, வயசான நாயாகப் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு. நியாயமான கணக்குதான். கைவிடப்பட்ட நாய்களைக் காப்பாற்றி வளர்க்கிற ஒரு தன்னார்வக் குழுவைப் பற்றி அவளுடைய வாட்ஸ்ஆப்பில் வந்தது. ஐ.டி. கம்பெனிக்காரர்கள், டீச்சர்கள், ஒரு ஆடிட்டர்... எல்லோரும் வார நாட்களில் வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமைகளில் கேளம்பாக்கம் பக்கம் ஒரு வெட்டவெளியில் நாய்களைக் குளிப்பாட்டுகிறவர்கள்.

சம்பளம் இல்லாமல் சனிக்கிழமை முழுக்க நாய் குளிப்பாட்டுவார்களா? என் முதல் சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அடையாறில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் நாய்களைக் காட்டினார்கள். குட்டிகளைச் சுற்றி ஒரே கூட்டம். ஒரு மூலையில், வாயைச் சுற்றி நரைத்த பழுப்பு நிறப் பெண் நாய் ஒன்று, முன்னங்கால்களை ஒன்றன் மேல் ஒன்று போட்டுக்கொண்டு, பேங்கில் டோக்கன் வாங்கியவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. பெயர் கப்கேக்காம். அந்த நரைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

வயசு என்ன என்று அந்தக் குழுவைச் சேர்ந்த நிவேதாவிடம் கேட்டேன்.

"எட்டு, ஒன்பது இருக்கும் அங்கிள்."

"எட்டா, ஒன்பதா?"

"இருக்கும் அங்கிள்."

எங்கே கிடைத்தது என்றேன். தி.நகரில், ரோட்டில் என்றாள். எந்த ரோடு, எப்போது என்றேன். நிவேதா சட்டென்று போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்தாள். என் சந்தேகம் இன்னொரு படி ஏறியது. நாய் சாதுவாக இருக்கிறது, குரைப்பதில்லை, கை நீட்டினால் கை கொடுக்கிறது. இப்படிப்பட்டதை யாரும் எடுக்காமல் ஏன் மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள்? செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் பளபளவென்று இருந்தால் நாம் முதலில் எங்கே குனிந்து பார்ப்போம்?

"இதுல என்னம்மா குறை?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்ல அங்கிள். வயசுதான்."

நான் நம்பவில்லை. அவர்களும் என்னை நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? மகள் கூப்பிட்டால் பெங்களூருக்கே போய்விடுவீர்களா? நாய் படுக்கையோடு கிடந்தால் பார்ப்பீர்களா? மகளுக்கு வரன் பார்த்தபோதுகூட மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்கள் இத்தனை கேட்கவில்லை. மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து, பால்கனியில் புறாவுக்காகப் போட்டிருக்கும் வலையை இழுத்துப் பார்த்தார்கள். சமையல் முழுக்க சைவம்தானா என்று கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், சரிப்படாவிட்டால் நாங்களே வந்து அழைத்துப் போய்விடுவோம் என்றாள் நிவேதா. அது உத்தரவாதம் மாதிரி தெரியவில்லை. மிரட்டல் மாதிரிதான் இருந்தது.

கப்கேக் வந்தாள். மூன்று அறைகளையும் மோந்து பார்த்தாள். ஹாலில் டைனிங் டேபிளுக்குப் பக்கத்தில் படுத்தாள். மத்தியானம் கல்யாணி அவளுக்காகத் தனிப் பாத்திரத்தில் முட்டையெல்லாம் வேகவைத்து – எங்கள் சமையலறை கண்ட முதல் முட்டை – சாதத்தோடு பிசைந்து வைத்தாள்.

நாய் எழுந்து வந்தது. தட்டுக்கு ஒரு அடி தள்ளி உட்கார்ந்தது. தட்டைப் பார்த்தது. எங்கள் முகத்தைப் பார்த்தது. சாத்தியிருந்த சமையலறை ஜன்னலைப் பார்த்தது. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது. சாதத்துக்கு எறும்பு வந்தது.

மறுநாளும் அதே கதை. தயிர் சாதம், இட்லி, கடையில் விற்கும் நாய் உணவு – எதை வைத்தாலும் உட்காரும், பார்க்கும், படுக்கும். கல்யாணி கையில் வைத்து ஊட்டினால் மட்டும், நமக்காக மனசில்லாமல் வாங்கிக்கொள்வது போல இரண்டு வாய். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் சோதித்தார், எல்லாம் நார்மல் என்றார். பல்லைப் பார்த்துவிட்டு வயசு பத்துக்கு மேல் என்றார். பார்த்தீர்களா? எட்டு, ஒன்பது என்றவர்கள் வேறு எதையெல்லாம் குறைத்துச் சொல்லியிருப்பார்கள்?

நிவேதாவுக்குப் போன் போட்டேன். உங்களிடம் இருந்தபோது சாப்பிட்டதா என்று கேட்டேன். "நல்லா சாப்பிடுவா அங்கிள், எல்லாருக்கும் முன்னாடி முடிச்சிடுவா" என்றாள். பச்சைப் பொய் என்று நினைத்தேன். நிரூபிக்க, நிறைந்த தட்டின் முன் நாய் உட்கார்ந்திருப்பதை வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. நான் நாயைத் திட்டினேனா, அடித்தேனா என்று.

விஷயம் அதற்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. வாட்ச்மேன் தேவராஜ் லிஃப்ட் அருகே என்னை மடக்கினார்.

"இன்னா சார், துன்னவே மாட்டேங்குதாமே? தயிர் சாதம் போட்டா எந்த நாய் சார் துன்னும்? ரெண்டு மத்தி மீன் வாங்கியாறேன். நீ மேல போ. என் ரூம்ல வெச்சு குடுத்துர்றேன், யாருக்கும் தெரியாது."

நான் மறுத்துவிட்டேன். கல்யாணி மறுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் நான் லைப்ரரிக்குப் போயிருந்தபோது, வாட்ச்மேன் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினப்பாக்கத்து மத்தியைத் தட்டில் போட்டிருக்கிறார்கள். மீன் முன்னாலும் கப்கேக் உட்கார்ந்தாள், பார்த்தாள், படுத்தாள்.

தேவராஜ் கல்யாணியிடம் சொன்னாராம்: "இது நாயே இல்லம்மா. சாமியாரு."

விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நிவேதாவிடமிருந்து மெசேஜ் வந்தது: ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகிறோம். எனக்கு ஒருவிதத்தில் நிம்மதிதான் – குறையோடு ஒரு நாயை நம் தலையில் கட்டினார்கள், அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கல்யாணி சாப்பிடாத தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அங்க போனா இனிமே அவளை யாருங்க எடுப்பா? கிழட்டு நாய்னு ஒரு பேரு இருக்கு. இப்ப திருப்பி அனுப்பின நாய்னு இன்னொரு பேரு."



அந்த வெள்ளிக்கிழமை அமாவாசை. அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் முடித்து, மொட்டை மாடிக்குப் போய்க் காக்காய்க்குச் சாதம் வைத்துவிட்டு வருவது என் வழக்கம். அன்று மாடிக் கதவு பூட்டியிருந்தது. தளத்தில் நீர்க்கசிவுக்கு ஏதோ பூசிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். மெட்ரோ வேலை ஆரம்பித்த நாளிலிருந்து தூசிக்கும் சத்தத்துக்கும் பயந்து நாங்கள் திறக்காத ஜன்னல். கம்பி வழியாகக் கையை விட்டுச் சன்ஷேடில் பருப்பு சாதத்தை வைத்துக் குரல் கொடுத்தேன்.

"கா... கா..."

ஹாலில் தரையோடு தட்டு உராயும் சத்தம் கேட்டது.

"ஏங்க... சத்தம் போடாம வாங்க," என்றாள் கல்யாணி, ரகசியக் குரலில்.

காலையிலிருந்து தொடாமல் கிடந்த சாதத்தைக் கப்கேக் தின்றுகொண்டிருந்தாள். தின்று, நக்கி, நக்கிய வேகத்தில் தட்டை ஃப்ரிட்ஜ் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு மட்டும் சந்தேகம். தற்செயலாக இருக்கலாமே? சாயங்காலம் தட்டை வைத்தோம். உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். நான் சமையலறைக்குப் போய் அதே ராகத்தில் "வா... வா..." என்றேன். அசையவில்லை. "மா... மா..." என்றேன். அசையவில்லை. வெறுங்கையோடு வானத்தைப் பார்த்து "கா... கா..." என்றேன். உடனே தட்டில் வாய் வைத்தாள்.

"பசியோட இருக்கறவகிட்ட என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கு? காக்காயையும் சேர்த்து ஏமாத்தறீங்க," என்றாள் கல்யாணி.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது எல்லாம் வரிசையாக வந்தது. எங்களைப் போல அமாவாசைக்கு மட்டும் காக்காயை நினைக்காமல், தினமும் அதற்கு ஒரு பிடி வைத்த பிறகே சாப்பிட உட்காரும் வீடுகள் உண்டு. அப்படி ஒரு வீட்டில் இவள் வருஷக்கணக்கில் இருந்திருக்கிறாள். முதலில் காக்காய், அப்புறம் மனிதர்கள், அப்புறம்தான் தன் முறை. இவள் சாப்பிட மறுக்கவே இல்லை, வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். காக்காய்க்கு வைக்காமலேயே தட்டை நீட்டுகிற இது என்ன வீடு என்று அவளுக்குத்தான் எங்கள் மேல் சந்தேகம்!

கேளம்பாக்கத்தில் சாப்பிட்டாளே, எப்படி? வெட்டவெளியில் சோற்று அண்டாவைத் திறந்தால் அந்த ஊர்க் காக்காய் மொத்தமும் வந்து கத்தியிருக்கும். நிவேதா சொன்னது பொய்யில்லை.

ஆனால் 'ரோட்டில்' கிடைத்தது என்றாளே, அது?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று போனில் சொல்லியும் நிவேதா நம்பவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்று, சங்கிலியோடுதான் வந்தாள். கல்யாணி தட்டை வைத்தாள். கப்கேக் ஒரு அடி தள்ளி உட்கார்ந்தாள். நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, அதிகம் பழக்கமில்லாத இரண்டு பேர் எதிரில், ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு "கா... கா..." என்று கத்தினேன். வேன் இளைஞர் சிரித்தே விட்டார். கப்கேக் சாப்பிட்டாள். நிவேதா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தட்டு காலியாகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப சொல்லும்மா. ரோட்ல கிடைச்ச நாய்க்கு இதை யார் பழக்கினது?" என்று கேட்டேன்.

"ரோட்லதான் அங்கிள் கிடைச்சா. ஒரு பார்க் கேட்ல கட்டிப் போட்டிருந்தாங்க. பக்கத்துல இந்தப் போர்வை."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"வீட்ல வளர்ந்த நாயை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னா, எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க அங்கிள். வளர்த்தவங்களே விட்டுட்டாங்கன்னா இதுல என்ன குறைன்னு. ரோட்ல கிடைச்சதுன்னு சொன்னாதான் பாவம்னு எடுத்துக்கறாங்க." போர்வையைத் தரையில் வைத்தாள். "நீங்க அப்பவும் பாவம்னு சொல்லல. குறைதான் கேட்டீங்க."

கல்யாணி அன்று சிரித்த சிரிப்பைக் கீழே தேவராஜ்கூடக் கேட்டிருப்பார்.

யோசித்துப் பாருங்கள். யாருமே இல்லாததைக் கண்டால் நமக்கு இரக்கம் வருகிறது. யாரோ இருந்து, விட்டுப் போனதைக் கண்டால் விட்டவனை விசாரிக்காமல், விடப்பட்டதைக் குனிந்து குனிந்து பார்க்கிறோம். நாய்க்கு மட்டுமா இது?

அவர்கள் காலிச் சங்கிலியோடு போனார்கள். போர்வை இங்கே தங்கிவிட்டது. கப்கேக் அதை நீண்ட நேரம் மோந்துவிட்டு அதன் மேலேயே படுத்தாள்.

அந்த வீட்டில் தினமும் காக்காயைக் கூப்பிட்ட குரல் யாருடையது? அது ஒரு நாள் நின்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இவள் பார்க் கேட்டுக்கு வந்திருக்க வேண்டும். அந்த இரண்டு தேதிகளும் எனக்குத் தெரிய வேண்டும் போலிருக்கிறது. சொல்வதற்கு ஆள் இல்லை. ஒருவேளை அந்த வீட்டில் இப்போது அமாவாசைக்கு அமாவாசை, அந்த மனிதருக்கென்றே யாராவது காக்காய்க்குச் சாதம் வைக்கிறார்களோ என்னவோ. வரிசையில் அடுத்து நின்றவளை அவர்களுக்கு நினைவிருக்குமா?

நாங்கள் இப்போது தினமும் இரண்டு வேளை, தூசி வந்தால் வரட்டும் என்று ஜன்னலைத் திறக்கிறோம். வெறுங்கையோடு கூப்பிடக் கூடாது என்பது கல்யாணியின் கண்டிப்பான உத்தரவு. ஒரே ஒரு காக்காய் தவறாமல் வருகிறது. சாதத்தைக் கொத்துவதற்கு முன் தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்க்கிறது.

இப்போது சந்தேகம் அதற்கு மட்டும்தான் – அதெப்படி இந்த வீட்டில் மட்டும் தினமும் அமாவாசை?