தாலிச்சரடில் நிமிர்ந்த ஊக்குகள்

எங்கள் ஊரில் எல்லார் கையிலும் செல்போன் வந்து சேர்ந்த சமயம் அது. ஆனால் இது நடந்த இடம் ஐரோப்பா. பூமிக்கடியில் வட்டமாகச் சுரங்கம் தோண்டி, அணுவுக்குள் இருக்கும் துகள்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கும் பன்னாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் அப்போது நான் வேலையில் இருந்தேன். ஆந்திராவில் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே, தமிழ் பேசும் ஒரு கிராமத்தில் பிறந்து, திருப்பதியில் புதிதாக முளைத்த இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்த பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். பெரிய பெரிய காந்தங்களுக்கு மின்சாரம் ஏற்றி, அவை தாக்குப்பிடிக்கின்றனவா என்று சோதிக்கும் வேலை. கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக, நான் மட்டும் இப்படி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டேன்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இதில் ஏகப் பெருமை. "எம் பொண்ணு அணுவ ஒடைக்குது" என்று புத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். நான் எதையும் உடைப்பதில்லை, உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. வேலை பார்க்கும் இடத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று ஒரு கோடையில் அவரையும் அம்மாவையும் வரவழைத்தேன்.

வந்ததிலிருந்து நைனாவிடம் ஒன்று மட்டும் எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஊரில் வெற்றுடம்போடு திரிகிற மனிதர், இங்கே தூங்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அதை நான் யோசிக்கவில்லை.

காந்தக் கூடத்துக்கு அவர்களை அழைத்துப்போன அன்று, அதன் பொறுப்பாளர் வாசலிலேயே நின்றார். தலை நரைத்த இத்தாலிக்காரர், நல்ல மனிதர், விதி என்றால் விதி. வாசல் பலகையில் இதயத்தின் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருக்கும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும், அவர்கள் பாஷையிலேயே கேள் என்றார்.

"ஒடம்புக்குள்ள மெஷின் கிஷின் எதுனா வெச்சிக்கீறியான்னு கேக்குறாரு நைனா."

"எனக்கு இன்னாத்துக்கு மெஷினு? நான் இன்னா டிராக்டரா?"

நான் சிரித்தேன். மொழிபெயர்த்துச் சொன்னதும் இத்தாலிக்காரரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அது அப்போது என் மனதில் பதியவில்லை.

அடுத்து இரும்புச் சாமான்களை வெளியே வைக்க வேண்டும். நைனா கைக்கடிகாரத்தையும் வீட்டுச் சாவியையும் கொடுத்தார். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று நானே சிபாரிசு செய்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிச்சரடிலேயே நாலைந்து ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள், அவசரத்துக்கு உதவும் என்று. பிறந்ததிலிருந்து அம்மா கழுத்தில் பார்த்த ஊக்குகள். இரும்பு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

உள்ளே போனோம். எங்கே போனாலும் நாலடி முன்னால் நடப்பவர் நைனா. அன்று அம்மா முன்னால் நடந்தாள். பெரிய வீடு உயரத்துக்கு நின்ற காந்தத்தைக் கைகாட்டி நான் பெருமையாக விளக்கிக்கொண்டு வந்தேன். காந்தத்தின் இழுப்பு எட்டும் எல்லையாகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை அம்மாவின் கால் தொட்டது. அவளுடைய முந்தானை மெல்ல உப்பி விலகியது. ஊக்குகள் அத்தனையும் சரடை இழுத்துக்கொண்டு காந்தத்தைப் பார்த்து நேராக நிமிர்ந்து நின்றன.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பார்வையாளர்களுக்கு நூலில் குண்டூசி கட்டி நாங்கள் காட்டும் வேடிக்கை அது. ஆனால் அம்மா ஊக்குகளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நைனாவ வெளிய இட்டுக்கினு போ பாப்பா. அவுரு நெஞ்சுல பேட்டரி வெச்சிக்கீது."

திரும்பிப் பார்த்தால், பின்னால் நைனா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. இன்னொரு கை மார்பில் இருந்தது. இத்தாலிக்காரருக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும் ஓடிவந்து நைனாவைத் தோளோடு அணைத்து வாசலுக்கு நடத்தினார். நான் இன்னொரு பக்கம் தாங்கிக்கொண்டேன். சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எப்போது பொருத்தினார்கள் என்பது. தெரியாது என்றேன். நீங்கள் மகள்தானே என்று கேட்டார். கேலியாக இல்லை, குறிப்பில் எழுதுவதற்காகத்தான் கேட்டார். ஆனாலும் அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போனேன்.

நைனாவிடம் தமிழில் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. எங்கள் வீட்டுக்குள் தமிழ்தான். மண்டல் ஆபீஸ், பேங்கு, ஆஸ்பத்திரி என்று வெளியே போனால் தெலுங்கு. அந்தப் பழக்கத்தில் வெள்ளைக்கார டாக்டரம்மாவைப் பார்த்து, "ஆறு நெலலைந்தி மேடம், திருப்பதிலோ பெட்டாரு" என்றார். ஆறு மாதம் ஆகிறது, திருப்பதியில் வைத்தார்கள். டாக்டரம்மாவுக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. என்னிடம் சொல்ல முடியாததை என் காதில் விழும்படி அவரிடம் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

காந்தத்துக்குப் பக்கத்தில் போனால் அந்தக் கருவி கொஞ்ச நேரம் தடுமாறும், விலகினால் சரியாகிவிடும், இன்னும் நெருங்கி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நல்லவேளையாக எதுவும் கெடவில்லை.

வராந்தாவில் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கரும்புத் தோட்டத்தில் நைனா மயங்கி விழுந்ததும், கங்காதர நெல்லூரில் இருக்கும் சித்தப்பா காரில் போட்டுத் திருப்பதிக்குக் கொண்டுபோனதும், ஊர் முழுக்கத் தெரிந்தும் எனக்கு மட்டும் தெரியக்கூடாது என்று நைனா எல்லாரிடமும் சத்தியம் வாங்கியதும். "சொன்னா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவ, அப்பறம் திரும்பிப் போவ மாட்டன்னு அவுருக்கு பயம்" என்றாள். ஜாக்கெட் தைக்கும்போது கீழே விழும் ஊசிகளைப் பொறுக்க, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஒரு காந்தத் துண்டை வைத்திருந்தாளாம். காந்தம் ஆகாது என்று நர்ஸ் சொன்ன அன்றே அதை யாருக்கோ கொடுத்துவிட்டாள். "மார்ல வெச்சாத்தான் ஆவாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்பவும் மனசு கேக்கல, நான் முன்னாடி போறேன்னேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என்னைப் பெற்ற பெண்ணாக நினைத்தீர்களா, விருந்தாளியாக நினைத்தீர்களா என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். நான் கத்தி ஓய்ந்த பிறகு அம்மா என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து கொழம்பு சட்டிய எறக்கும்போது பாத்தேன். மணிக்கட்டு வளைஞ்சிக்கீது. எப்ப ஒடைச்சிக்கின?"

முந்தைய பனிக்காலத்தில் வழுக்கி விழுந்தது அது. மாவுக்கட்டோடு ஒற்றைக் கையால் சமைத்துத் தின்றுகொண்டு, போனில் நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊரில் இதைத் தாலி பாக்கியம் என்றே இன்றுவரை பேசுகிறார்கள். எஃகு ஊக்கு காந்தத்தின் பக்கம் திரும்புவதில் அதிசயம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் யாரோடும் வாதாடப் போவதில்லை. பக்கத்தில் இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிற வளைந்த மணிக்கட்டையும் தையல் போட்ட நெஞ்சையும், தூரமும் பாசமும் சேர்ந்துகொண்டு எவ்வளவு சுலபமாக மறைத்துவிடுகின்றன என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் "எல்லாரும் நல்லா கீறோம்" என்று அம்மா ஆரம்பித்தால், எதை மறைக்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறேன்; முட்டி வலிக்குது, மாவு பொங்கல, உங்க நைனா மாத்திரை துன்ன மாட்டேன்றாரு என்று புலம்பலோடு ஆரம்பித்தால்தான், வீட்டில் எல்லாரும் நலம் என்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்து கேட்கிறேன்.